ஸ்ட்ரிங் மாறிலிக் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சி நிரலில் மேற்கோள் குறிகளுக்குள் எழுதப்படும் ஒவ்வொரு வாசகத்தையும், அதாவது ஸ்ட்ரிங் மாறிலியையும், கம்பைலர் ஏதோ ஓரிடத்தில் வைத்தாக வேண்டும். அந்த இடம் எது என்று பார்க்காமல் நிரலின் தர்க்கத்தையே புரட்டிப் புரட்டித் தேடுவதால்தான் இந்த வகைப் பிழைகள் நாள்கணக்கில் இழுக்கின்றன. லினக்ஸ் நிரல்களிலும் சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளிலும் இதே சில கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்த அனுபவத்தில் எழுதிய வழிமுறை இது. ஜிசிசி கம்பைலரையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். மற்றவை வேறுபடும் இடத்தில் மட்டும் சொல்கிறேன்.

தேவையான கருவிகள் ரீட்எல்ஃப், ஆப்ஜ்டம்ப், சைஸ், ஸ்ட்ரிங்ஸ் ஆகிய நான்கு கட்டளைகளும், ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்க உதவும் ஜிடிபி டிபக்கரும்தான். எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் அந்த வாசகத்தின் முகவரியைக் கண்டுபிடியுங்கள். நிரல் கோப்பு செக்‌ஷன்கள் எனப்படும் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். பிறகு அவற்றில் அந்த முகவரி எந்தச் செக்‌ஷனில் விழுகிறது என்று பாருங்கள். வழக்கமாக அது ரோடேட்டா எனப்படும் வாசிப்புக்கு மட்டுமான செக்‌ஷனாக இருக்கும். அப்படி இல்லாவிட்டால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

அறிகுறி: வாசகத்தில் ஓர் எழுத்தை மாற்றியதும் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று சாகிறது

*முகவரி வாசிப்புப் பகுதிக்குள் இருந்தால்*

ஜிடிபியில் நிரல் நின்ற இடத்திலேயே, நினைவக வரைபடத்தைக் காட்டும் "இன்ஃபோ ப்ராக் மேப்பிங்ஸ்" கட்டளையை இடுங்கள். பிழை தந்த முகவரி நிரல் கோப்பிலிருந்தே ஏற்றப்பட்ட, எழுத அனுமதி இல்லாத பகுதிக்குள் விழுந்தால், மாறிலியின் மேல் எழுத முயன்றிருக்கிறீர்கள் என்று உறுதி.

மிக எளிய காரணம் அறிவிப்பு வரியில் இருக்கும். கேர் வகைப் பாயின்டர் (முகவரியை வைத்திருக்கும் மாறி) ஒன்றை அறிவித்து அதற்கு வாசகத்தைக் கொடுத்தால், பாயின்டர் ரோடேட்டாவையே சுட்டும். சதுர அடைப்புக்குறியுடன் அர்ரேயாக அறிவித்தால் வாசகத்தின் நகல் ஒன்று உங்களுக்கென்று தனியாகக் கிடைக்கும். அதில் தாராளமாக எழுதலாம். எனவே அந்த ஒரு வரியை மாற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்து, நீங்கள் நேரடியாக எழுதாமல் உங்கள் சார்பில் எழுதும் ஃபங்ஷன்களைப் பாருங்கள். வாசகத்தைத் துண்டாக்கும் ஸ்டர்டோக் தான் வெட்டும் இடங்களில் எல்லாம் பூஜ்யத்தை எழுதுகிறது. தற்காலிகக் கோப்பை உருவாக்கும் எம்கேஎஸ்டெம்ப் தனக்குத் தரப்பட்ட மாதிரிப் பெயரின் கடைசி ஆறு எழுத்துகளை மாற்றி எழுதுகிறது. இவற்றுக்கு மாறிலியை நேராகக் கொடுத்தால் உள்ளே போய்த்தான் விழும், ஆகவே ஜிடிபி காட்டும் அழைப்புத் தடத்தின் மேற்பகுதியில் நூலகத்தின் பெயர் தெரியும். நூலகத்தைக் குறை சொல்வதற்கு முன் அழைத்த வரியைப் பாருங்கள்.

செலவு கூடிய காரணம் பழைய நிரல். ஒரு காலத்தில் ஜிசிசியில் மாறிலிகளை எழுதக்கூடிய இடத்தில் வைக்கச் சொல்லும் தேர்வு இருந்தது. 2005-இல் வெளியான 4.0 பதிப்பிலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பி எழுதிய நிரலை இன்று கம்பைல் செய்தால் ஓரிடத்தில் அல்ல, ஐம்பது இடத்தில் விழும். "ரைட் ஸ்ட்ரிங்ஸ்" எச்சரிக்கையை இயக்கிவிட்டு, வரும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் வரிசையாகத் தீருங்கள். கான்ஸ்ட் என்ற சொல்லை ஓரிடத்தில் சேர்த்தால் அது அழைப்புச் சங்கிலி முழுவதும் பரவும் என்பதால் முதல் நாள் சலிப்பாகத்தான் இருக்கும்; இடையில் காஸ்ட் (கட்டாய வகை மாற்றம்) போட்டு எச்சரிக்கையை வாயடைக்காதீர்கள், அந்த இடமே பிறகு விழும் இடம்.

*முகவரி எந்தப் பகுதிக்குள்ளும் இல்லாவிட்டால்*

வாசிக்கும்போதே நிரல் விழுகிறது, முகவரியோ வரைபடத்தில் எங்குமே இல்லை என்றால், அந்த வாசகம் ஏற்கெனவே நினைவகத்திலிருந்து இறக்கப்பட்டுவிட்ட ஒரு ப்ளகினுக்குச் சொந்தமானதாக இருக்கலாம். பகிர்வு நூலகத்தின் மாறிலிகள் அந்த நூலகத்தின் ரோடேட்டாவில்தான் இருக்கின்றன. நூலகத்தை இறக்கும் டிஎல்குளோஸ் செய்த கணமே அவையும் போய்விடும். பிழைச் செய்தியைப் பாயின்டராக வாங்கி வைத்துக்கொண்டு, ப்ளகினை இறக்கிய பிறகு அச்சிடும் நிரல்களில் இது அடிக்கடி நடக்கிறது. இறக்குவதற்கு முன் ஸ்டர்டப் கொண்டு நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மேம்படுத்தல் இல்லாமல் வேலை செய்கிறது, ஓ2 கொடுத்தால் போர்டு குப்பையை அச்சிடுகிறது

இயங்குதளம் இல்லாத போர்டுகளில் வரும் கோளாறு இது. ஓ2 என்பது நிரலை வேகமாக்கும் கம்பைலர் மேம்படுத்தல் நிலைகளில் ஒன்று. நான் பார்த்தவற்றிலேயே அதிக நேரத்தைத் தின்றது இதுதான், காரணமோ ஒரே ஒரு நட்சத்திரக் குறி.

ஒரு முறை எங்களிடம் வந்த போர்டில், சோதனைப் பதிப்பு சீரியல் திரையில் "தயார்" என்ற செய்தியை ஆங்கிலத்தில் ஒழுங்காகக் காட்டியது. வெளியீட்டுப் பதிப்பில் அதே இடத்தில் ஒரே விதமான விசித்திரக் குறி நூற்றுக்கணக்கில் ஓடியது. அந்தக் குறியின் பைட் மதிப்பைப் பார்த்தால் ஒவ்வொன்றும் 255. அழிக்கப்பட்டு எதுவும் எழுதப்படாத ஃபிளாஷ் நினைவகத்தை வாசித்தால் வரும் மதிப்பு அதுவே. அதாவது நிரல் சரியான முகவரியிலிருந்துதான் வாசித்தது. அந்த முகவரியில் வாசகம் எழுதப்படவே இல்லை.

நடந்தது இதுதான். மேம்படுத்தல் இல்லாதபோது ஜிசிசி வாசகங்களை ரோடேட்டா என்ற பெயருள்ள செக்‌ஷனிலேயே வைக்கிறது. ஓ1 முதல் மேல் நிலைகளில், கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் ஒரே மாதிரி வாசகங்களை ஒன்றாகச் சேர்க்க வசதியாக, ரோடேட்டா என்ற பெயருக்குப் பின்னால் "எஸ்டிஆர்1.1", "எஸ்டிஆர்1.4" போன்ற வால் ஒட்டிய தனிச் செக்‌ஷன்களில் வைக்கிறது. எந்தச் செக்‌ஷன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எங்கள் லிங்கர் ஸ்கிரிப்டில் வெறும் ரோடேட்டா என்று மட்டும் இருந்தது. வால் ஒட்டிய பெயர்களையும் பிடிக்கும் நட்சத்திரக் குறி அதன் பின்னால் இல்லை. ஸ்கிரிப்டில் இடம் சொல்லப்படாத செக்‌ஷனை லிங்கர் அநாதையாகக் கருதித் தானே ஓரிடத்தில் வைத்துவிட்டது. பிறகு ஆப்ஜ்காப்பி கட்டளை, பெயர் சொன்ன செக்‌ஷன்களை மட்டும் பைனரிக்கு எடுத்தபோது அநாதை வெளியே நின்றுவிட்டது.

*சரிபார்க்கும் முறை*

ஆப்ஜ்டம்ப் கொண்டு, லிங்கர் உருவாக்கிய எல்ஃப் கோப்பின் செக்‌ஷன் தலைப்புகளைப் பட்டியலிடுங்கள். ரோடேட்டாவுக்குக் கீழே வால் ஒட்டிய பெயர் தனி வரியாகத் தெரிந்தால் லிங்கர் ஸ்கிரிப்டுதான் குற்றவாளி. லிங்கரிடம் மேப் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். எந்த ஆப்ஜெக்ட் கோப்பின் வாசகங்கள் எங்கே போய் விழுந்தன என்பது அதில் வரி வரியாக இருக்கும். ஸ்கிரிப்டில் ரோடேட்டாவின் பின்னால் நட்சத்திரத்தைச் சேர்த்தால் போதும்.

தலைப்புகளில் எல்லாம் சரியாக இருந்தும் பைனரியில் வாசகம் இல்லையென்றால் ஆப்ஜ்காப்பி வரியைப் பாருங்கள். செக்‌ஷன் பெயர்களைத் தனித்தனியாக எழுதுவதைவிட, எதுவும் சொல்லாமல் ஏற்ற வேண்டியவை எல்லாவற்றையும் அது எடுத்துக்கொள்ள விடுவதே நல்லது.

*லிங்கரே "ஓவர்லேப்ஸ்" என்று நிறுத்தினால்*

டேட்டா செக்‌ஷனின் ஃபிளாஷ் இடம், நிரல் கட்டளைகள் உள்ள டெக்ஸ்ட் முடிந்த முகவரியிலிருந்து தொடங்குவதாக ஸ்கிரிப்டில் எழுதியிருப்பார்கள். அநாதைச் செக்‌ஷனும் டெக்ஸ்டுக்குப் பின்னால் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். லிங்கர் இதை நேர்மையாகச் சொல்லித்தான் நிற்கிறது. அந்தச் சோதனையை அணைக்கும் தேர்வைப் போட்டுச் சமாளிக்கும் பழக்கத்தைப் பல மேக்ஃபைல்களில் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு உலகளாவிய மாறிகளின் தொடக்க மதிப்புக்குப் பதிலாக யாரோ எழுதிய பிழைச் செய்தியின் எழுத்துகள் வந்து நிற்கும். அந்தத் தேர்வை நீக்கிவிட்டு ஸ்கிரிப்டைத் திருத்துங்கள்.

*எப்போது போர்டு வடிவமைத்தவரை அழைப்பது*

சில்லோடு நேரடியாக இணையும் ஜேடேக் டிபக்கர் வழியே அந்த முகவரியை நேரடியாக வாசித்து, பைனரிக் கோப்பில் அதே இடத்தில் உள்ள பைட்டுகளோடு ஒப்பிடுங்கள். கோப்பு சரியாக இருந்து ஃபிளாஷில் வேறாக இருந்தால், எழுதும் கருவி, மின்வழங்கல், அல்லது சில்லு என்ற மூன்றில் ஒன்று. அது மென்பொருளாளர் தொட வேண்டிய இடம் அல்ல.

அறிகுறி: சின்ன போர்டில் செய்திகளைச் சேர்க்கச் சேர்க்க நிரல் தடுமாறுகிறது

ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லில் ஃபிளாஷ் 32 கேபி, ரேம் 2048 பைட் மட்டும். இந்தச் சில்லில் நிரல் நினைவகமும் தரவு நினைவகமும் தனித்தனி முகவரி வெளிகள்; சாதாரண வாசிப்புக் கட்டளையால் ஃபிளாஷைத் தொட முடியாது. ஆகவே கம்பைலர் எல்லா வாசகங்களையும் தொடக்கத்திலேயே ரேமுக்கு நகலெடுக்க ஏற்பாடு செய்கிறது. 30 எழுத்துள்ள செய்திகள் 40 இருந்தால், முடிவுப் பூஜ்யத்தோடு ஒவ்வொன்றும் 31 பைட், மொத்தம் 1240. மாறிகள், பஃபர்கள், ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் தற்காலிக இடம்) எல்லாவற்றுக்குமாக மிஞ்சுவது 808 பைட்தான். ஸ்டாக் கீழிறங்கி வந்து மாறிகளைத் தொட்டுவிட்டால், காரணமே இல்லாமல் ரீசெட் ஆவதும் அரைகுறைச் செய்திகள் வருவதும் தொடங்கும்.

முதலில் ஏவிஆர்-சைஸ் கட்டளையில் டேட்டாவையும் பிஎஸ்எஸ்ஸையும் (தொடக்க மதிப்பு உள்ள, இல்லாத மாறிகளுக்கான இடம்) கூட்டிப் பாருங்கள். ரேமின் முக்கால் பங்கைத் தாண்டினால் நான் நிறுத்தி ஆராய்வது வழக்கம். அச்சிடும் வரிகளில் வாசகத்தை எஃப் மேக்ரோவுக்குள் இடுவதே மலிவான தீர்வு. அதன் பிறகு வாசகம் ஃபிளாஷிலேயே இருந்து, அச்சிடும்போது மட்டும் பைட் பைட்டாக எடுக்கப்படும்.

மெனு போன்ற அட்டவணைகளுக்கு, ஃபிளாஷிலேயே வைக்கச் சொல்லும் ப்ரோக்மெம் குறி வேண்டும், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அட்டவணைக்கு மட்டும் குறியிட்டால் பாயின்டர்கள் மட்டுமே ஃபிளாஷுக்குப் போகும், வாசகங்கள் ரேமிலேயே இருக்கும். ஒவ்வொரு வாசகத்தையும் தனிப் பெயருள்ள ப்ரோக்மெம் அர்ரேயாக எழுதி, பிறகு அட்டவணையில் அந்தப் பெயர்களைச் சேர்க்க வேண்டும். ஃபிளாஷ் முகவரியைச் சாதாரண ஸ்டர்லென்னுக்குக் கொடுத்தால் அது ரேமின் அதே எண்ணுள்ள முகவரியை வாசித்துக் குப்பையைத் தரும். பெயரின் முடிவில் "_பி" உள்ள ஃபங்ஷன்களையே பயன்படுத்துங்கள்.

இத்தனைக்குப் பிறகும் போதாவிட்டால் சில்லை மாற்ற வேண்டியதுதான். ஏடிமெகா4809 போன்ற புதிய ஏவிஆர் சில்லுகளில் ஃபிளாஷ் தரவு முகவரி வெளிக்குள்ளேயே தெரிவதால் இந்த நகலெடுப்பே தேவைப்படுவதில்லை. சில்லை மாற்றினால் போர்டும் மாறும், ஆகவே அந்த முடிவை வன்பொருள் வடிவமைப்பாளரோடு சேர்ந்து எடுங்கள்.

அறிகுறி: இரண்டு வாசகங்களை ஒப்பிட்டால் சில நேரம் சமம், சில நேரம் இல்லை

இரட்டைச் சமக்குறி வாசகங்களை ஒப்பிடுவதில்லை, முகவரிகளைத்தான் ஒப்பிடுகிறது. ஒரே கோப்புக்குள் ஒரே வாசகம் இருமுறை வந்தால் ஜிசிசி ஒரு பிரதியை மட்டும் வைக்கிறது. மேம்படுத்தலோடு கம்பைல் செய்தால் வெவ்வேறு கோப்புகளில் உள்ளவற்றையும் லிங்கர் சேர்க்கிறது. ஆகவே தவறான ஒப்பீடு மாதக்கணக்கில் சரியாகவே வேலை செய்யும். ஒரு பகுதியைப் பகிர்வு நூலகமாகப் பிரித்த அன்று உடையும், ஏனெனில் நூலகத்துக்குத் தன் பிரதி தனி. எழுத்து எழுத்தாக ஒப்பிடும் ஸ்டர்கம்ப் பயன்படுத்துங்கள். மேற்கோள் வாசகத்தோடு நேரடியாக ஒப்பிடும் வரியை ஜிசிசியின் "வால்" (-Wall) தேர்வு எச்சரித்துக் காட்டும். இரண்டு பாயின்டர் மாறிகளுக்கு இடையிலான ஒப்பீட்டைக் காட்டாது, அதை நீங்களேதான் தேட வேண்டும்.

*பைனரியில் ஒரு செய்தியைத் திருத்தினால் இன்னொன்றும் மாறுகிறது என்றால்*

லிங்கர் வால் ஒற்றுமையையும் பார்க்கிறது. "ரயில் நிலையம்" என்றும் "நிலையம்" என்றும் இரு வாசகங்கள் இருந்தால், முதலாவதை மட்டும் வைத்துவிட்டு, இரண்டாவதன் பாயின்டரை அதன் நடுவில் சுட்ட வைக்கும். ஹெக்ஸ் எடிட்டரில் ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் மாறுவது இதனால்தான். மூலத்தைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்வதைத் தவிர நம்பகமான வழி இல்லை.

அறிகுறி: மூலத்தில் இருக்கும் வாசகம் பைனரியில் தேடினால் கிடைக்கவில்லை

தமிழ் வாசகமாக இருந்தால் அது பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. ஸ்ட்ரிங்ஸ் கட்டளை வழக்கமாக 7 பிட் எழுத்துகளை மட்டுமே, அதுவும் தொடர்ந்து நான்காவது இருந்தால்தான் காட்டும். யுடிஎஃப்-8 தமிழின் பைட்டுகள் எல்லாம் அந்த எல்லைக்கு மேலே. குறியாக்கத் தேர்வில் பெரிய எஸ் கொடுத்து 8 பிட் எழுத்துகளையும் காட்டச் சொல்லுங்கள், அல்லது கிரெப்பிடம் அந்தத் தமிழ்ச் சொல்லையே கொடுத்துப் பைனரியில் தேடச் சொல்லுங்கள்.

ஆங்கில வாசகமும் கிடைக்காவிட்டால், புதுவரிக் குறியை நீக்கிவிட்டுத் தேடுங்கள். வெறும் வாசகத்தைப் புதுவரியோடு அச்சிடும் பிரிண்ட்எஃப்பை ஜிசிசி புட்ஸ் அழைப்பாக மாற்றிவிடுகிறது. புட்ஸ் தானே புதுவரி சேர்ப்பதால் வாசகத்தின் கடைசி எழுத்து வெட்டப்படுகிறது.

சிறு அர்ரேயின் தொடக்க மதிப்பாக எழுதிய வாசகம் ரோடேட்டாவுக்கே போகாமல் இருக்கலாம். கம்பைலர் அதை இயந்திரக் கட்டளைகளுக்குள் எண்ணாகவே பதித்துவிடும். 64 பிட் இன்டெல் நிரல்களில் அது எட்டெட்டு எழுத்துத் துண்டுகளாகச் சிதறித் தெரியும். இது பிழை அல்ல. இவை எதுவும் இல்லையென்றால் அந்த வாசகத்தைப் பயன்படுத்தும் பகுதியே இறந்த நிரலாக நீக்கப்பட்டிருக்கிறது, ஏன் என்று அங்கே பாருங்கள்.

அறிகுறி: தமிழ் வாசகத்தின் முடிவில் குப்பை, அல்லது எழுத்துகள் உடைகின்றன

"தமிழ்" என்ற சொல்லைக் கண் மூன்று எழுத்தாக எண்ணும். யூனிகோடில் அது த, ம, இகர உயிர்க்குறி, ழ, புள்ளி என்ற ஐந்து குறிகள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட். முடிவுப் பூஜ்யத்தோடு 16. அர்ரேயின் அளவை 15 என்று கையால் எழுதினால் சி கம்பைலர் ஏற்றுக்கொண்டு பூஜ்யத்தை மட்டும் விட்டுவிடும், அச்சிடும்போது பக்கத்து நினைவகமும் சேர்ந்து வரும். சி++ இதைப் பிழையென்று மறுக்கிறது. ஜிசிசி 15 முதல் "எக்ஸ்ட்ரா" எச்சரிக்கைகளில் சி நிரலுக்கும் இது தெரியும். அளவை எழுதாமல் அடைப்புக்குறியைக் காலியாக விடுங்கள்.

பைட்டுகளைப் பதினாறடி எண்ணாக எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. "க" என்பது ஈ0, ஏஈ, 95 என்ற மூன்று பைட். அதை அடுத்து 2 என்ற இலக்கம் வந்தால் கடைசி பைட்டை 952 என்றே கம்பைலர் வாசித்து, எல்லை மீறியது என்று சொல்லும். பதினாறடி இலக்கம் எதுவரை நீள்கிறதோ அதுவரை விழுங்குவதுதான் சி மொழியின் விதி. இடையில் மேற்கோளை மூடித் திறந்தால் போதும், அடுத்தடுத்த வாசகங்களைக் கம்பைலரே ஒட்டிக்கொள்ளும்.

மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் மட்டும் உடைந்தால் யுடிஎஃப்-8 தேர்வைக் கொடுங்கள். இல்லாவிட்டால், தொடக்கத்தில் குறியாக்கத்தைச் சொல்லும் பிஓஎம் குறி இல்லாத மூலக் கோப்பை அது விண்டோஸின் உள்ளூர்க் குறியாக்கத்தில் வாசிக்கும். பைனரியில் பைட்டுகள் சரியாகவே இருந்தால் கம்பைலரை விட்டுவிட்டு டெர்மினலையும் எழுத்துருவையும் பாருங்கள்.

அறிகுறி: வாசகத்தை மாற்றியும் பழையதே வருகிறது

சியில் இது பெரும்பாலும் பழைய ஆப்ஜெக்ட் கோப்பு. எல்லாவற்றையும் அழித்து மறுபடி கட்டுங்கள். ஜாவாவில் காரணம் வேறு. ஒரு கிளாஸில் ஸ்டாட்டிக் ஃபைனலாக எழுதிய ஸ்ட்ரிங் மாறிலியை, பயன்படுத்தும் ஒவ்வொரு கிளாஸின் உள்ளேயும் ஜாவாசி நகலெடுத்துவிடுகிறது. மாறிலி உள்ள கிளாஸை மட்டும் கம்பைல் செய்தால் மற்றவை பழைய நகலையே காட்டும்.

அறிகுறி: அட்டவணையில் ஒரு வாசகம் குறைகிறது

காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. காற்புள்ளி இல்லாத இரண்டு வாசகங்களைக் கம்பைலர் ஒன்றாக ஒட்டிவிடும், அதன் பின் வரும் எல்லாம் ஓரிடம் முன்னே நகரும். அட்டவணையின் நீளம் எதிர்பார்த்த எண்ணிக்கைதானா என்று, கம்பைல் ஆகும்போதே சோதிக்கும் ஸ்டாட்டிக் அசெர்ட் ஒன்று எழுதி வையுங்கள்.

அறிகுறி: வெளியே போகக் கூடாத வாசகம் பைனரியில் தெரிகிறது

*கட்டிய கணினியின் கோப்புறைப் பாதை என்றால்*

அசெர்ட் மேக்ரோ மூலக் கோப்பின் பெயரை வாசகமாகப் பதிக்கிறது. முழுப் பாதையோடு கம்பைல் செய்தால் பயனர் பெயரும் சேர்ந்தே போகும். ஜிசிசி 8 முதல் உள்ள "ஃபைல் ப்ரிஃபிக்ஸ் மேப்" தேர்வில் அந்தப் பாதையின் முன்பகுதியை வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

*கடவுச்சொல் அல்லது சாவி என்றால்*

ஸ்ட்ரிப் கட்டளை சிம்பல் அட்டவணையை நீக்கும், ரோடேட்டாவைத் தொடாது. எக்ஸார் கணக்கால் பைட்டுகளைக் குழப்பி மறைத்தாலும், அவிழ்க்கும் நிரல் அதே பைனரிக்குள்தான் இருக்கிறது. வெளியே போவதற்கு முன் கண்டுபிடித்தால் சாவியை நிரலிலிருந்து நீக்கி, இயங்கும்போது வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும்படி மாற்றுங்கள். ஏற்கெனவே ஒரு வாடிக்கையாளரிடமாவது போயிருந்தால் புதுப் பதிப்பு கட்டுவதற்குக் காத்திருக்காமல், முதலில் சர்வரில் அந்தச் சாவியைச் செல்லாததாக்கச் சொல்லுங்கள். பழைய சாவியை யாராவது பயன்படுத்தினார்களா என்று பதிவுகளைப் பார்க்கும் வேலையை அன்றைக்கே பாதுகாப்புப் பிரிவினரிடம் ஒப்படையுங்கள்.